ஓமா சாப்பிடவில்லை

எங்கள் வீட்டுக்கு போன் பண்ணினால் ஹலோ எல்லாம் கிடையாது. எடுத்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "சாப்புட்டியா கண்ணு?" இரண்டாவது கேள்வி, "என்ன சாப்புட்ட?" இந்த ரெண்டுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால் போதும், அரியர் வைத்திருந்தால்கூட அன்றைக்குத் தப்பித்துவிடலாம். போன வருஷம் மே மாதம் மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்காக ஜெர்மனியில் ட்ரெஸ்டன் போனேன். அங்கேயும் தினமும் அதே ரெண்டு கேள்விதான் வந்தது. ஈரோட்டில் மணி மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும், அது மட்டும்தான் வித்தியாசம்.

ஜூன் மாதம் அதே கேள்வியை நானே தினமும் ஒரு ஜீவனைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தேன். அதற்கு எட்டுக் கால், எட்டுக் கண். பதில் மட்டும் வரவே இல்லை.

நான் வாடகைக்கு எடுத்திருந்தது ஒரு ஃப்ளாட்டில் ஒரு ரூம். இன்னொரு ரூமில் என்னைவிட நாலைந்து வயது பெரிய ஒரு ஜெர்மன்காரன். ரூம் பேசும்போதே "வீட்டில் ஒரு பெட் இருக்கிறது, பிரச்சனை இல்லையே?" என்று மெயிலில் கேட்டிருந்தான். பூனையாக இருக்கும் என்று நினைத்து "ஐ லவ் பெட்ஸ்" என்று பதில் போட்டேன். போய் இறங்கிய அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க ஹாலுக்கு வந்தால், அலமாரியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே என் உள்ளங்கை அளவுக்கு ஒரு டராண்டுலா. கறுப்பு உடம்பு, ஒவ்வொரு காலிலும் முட்டியில் ஆரஞ்சுப் பட்டை. தண்ணீர் குடிக்காமலேயே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் அறிமுகம் செய்துவைத்தான். பெயர் ஓமா. எனக்கு ஓம வாட்டர்தான் ஞாபகம் வந்தது. ஜெர்மனில் ஓமா என்றால் பாட்டியாம். பதினாலு வருஷத்துக்கு முன்னால், அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, நகக்கண் அளவுக் குஞ்சாக வாங்கினானாம். பெண் என்பதால்தான் இன்னும் இருக்கிறாள். ஆண் சிலந்தி முழு வளர்ச்சி அடைந்த பிறகு பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் செத்துப்போய்விடும். பெண் இருபது வருஷத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். நாங்கள் எல்கேஜி, யூகேஜி, பத்தாவது, பன்னிரண்டாவது என்று முடித்து இன்ஜினியரிங்கும் முடிக்கிற காலம் முழுக்க ஒரு சிலந்தி ஒரே பெட்டியில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கொஞ்சம் மரியாதையை வரவழைத்தது.

சொந்த ஊர் மெக்சிகோவின் பசிபிக் கடற்கரைப் பக்கம். அங்கே மண்ணில் வளை தோண்டி இருக்கும். அறிவியல் பெயர் பிராக்கிபெல்மா ஹமோரி. ரொம்ப வருஷமாக இதைப் பக்கத்து இனமான ஸ்மித்தி என்றே விற்றுக்கொண்டிருந்தார்கள். 2017இல் ரெண்டையும் பிரித்துப் பார்த்த ஆய்வு வந்த பிறகுதான் பெயர் தெளிவானது. காட்டிலிருந்து அள்ளி விற்று விற்றே குறைந்துபோனதால் இந்தப் பேரினமே சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஓமா பண்ணையில் பிறந்தவள். அதற்கான காகிதத்தை அவன் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருந்தான்.

முதல் வாரமே சாப்பாட்டையும் காட்டினான். பெட் கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் உயிரோடு சுவர்க்கோழி விற்கிறார்கள். நம் வீட்டுச் சுவர் இடுக்கில் ராத்திரி முழுக்க கிர்ர் என்று கத்துமே, அதேதான். டப்பாவை வாங்கிவந்தால் இவனுடைய சமையலறையும் ஈரோடு மாதிரியே கத்தியது. அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்.

ஒரு சுவர்க்கோழியை உள்ளே விட்டான். ஓமா அசையவில்லை. எட்டுக் கண் இருந்தாலும் பார்வை மோசம். கால் மயிர்கள் வழியாக அதிர்வைத்தான் கவனிக்கிறாள். சுவர்க்கோழி நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது. அடுத்து என்ன நடந்தது என்று நான் பார்க்கவே இல்லை, அவ்வளவு வேகம். பார்க்கும்போது சுவர்க்கோழி அவளுடைய வாயில். அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிதானமாக மென்றாள். மென்றாள் என்பதும் சரியில்லை. சிலந்தி திடமாக எதையும் விழுங்குவதில்லை. பல்லால் நசுக்கி, வயிற்றிலிருந்து செரிமான நீரை அதன்மேல் கக்கி, கூழாக்கி, உறிஞ்சுகிறது. நாம் சாப்பிட்டுவிட்டு செரிக்கிறோம், இது செரித்துவிட்டு சாப்பிடுகிறது. கடைசியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு உருண்டை மட்டும் மிச்சம். அதைக் கொண்டுபோய் ஒரு மூலையில் போட்டாள். எங்கள் மெஸ்ஸில் தட்டை ஒழுங்காக எடுத்துப் போடாதவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஜூன் நடுவில் அவன் மூன்று வாரம் மலை ஏறக் கிளம்பினான். எனக்காக ஃப்ரிட்ஜில் இங்கிலீஷில் நாலு வரி எழுதி ஒட்டினான். தண்ணீர்க் கிண்ணம் காலியாகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சுவர்க்கோழி. சாப்பிடாவிட்டால் மறுநாள் எடுத்துவிடு. எது நடந்தாலும் தொடாதே. கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னான். நடுவில் 'ஹொய்டுங்' என்று ஒரு சொல் வந்தது. அவனுக்கு அதற்கு இங்கிலீஷ் தெரியவில்லை, எனக்கு ஜெர்மன் தெரியவில்லை. மூன்று வருஷம் லெக்சர் ஹாலில் புரியாமல் ஆட்டிப் பழகிய தலை, அதுபாட்டுக்கு ஆடிவிட்டது.

முதல் ஞாயிறு சுவர்க்கோழியை விட்டேன். ஓமா ரெண்டடி பின்னால் நகர்ந்து திரும்பிக்கொண்டாள். சரி, ராத்திரி பசிக்கும்போது சாப்பிடுவாள் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலையில் சுவர்க்கோழி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் ஜாலியாக உட்கார்ந்திருந்தது. எடுத்துவிடு என்று மூன்றாவது வரி சொல்கிறது. எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் பட்டினிதானே?

இந்த இடத்தில் என் அம்மாயியைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் அம்மா. அதற்கு முந்தின வருஷம் நவம்பரில் இறந்துபோனார். கடைசி ஒரு மாதம் எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். எனக்கு ஸ்டடி ஹாலிடேஸ். அம்மா வேலைக்குப் போய்விடுவதால் மதியச் சாப்பாடு என் பொறுப்பு. சாப்பாடு என்றால் ராகிக் கஞ்சி, நாலு ஸ்பூன். அம்மாயி வாயைத் திறக்கமாட்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். "அம்மாயி, ஒரே ஒரு வாய், எனக்காக" என்று கெஞ்சுவேன். நாலு ஸ்பூன் இறங்கிவிட்டால் அன்றைக்கு எனக்குப் பரீட்சை பாஸான மாதிரி. அம்மாவுக்கு போன் பண்ணி "நாலு ஸ்பூன்" என்று சொல்வேன். ஒரு நாள் திருப்பின முகத்தைப் பிடித்து நேராக வைத்து ஊட்டினேன். கஞ்சி புரையேறிவிட்டது. அவர் இருமின இருமலை நான் எழுதப்போவதில்லை. அன்று மாலை வந்த டாக்டர், இனிமேல் வற்புறுத்தாதீங்க, உடம்பு வேண்டாம்னு சொல்லுது என்றார். அதற்கப்புறம் பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் மட்டும் வைத்தோம். ஒன்பது நாள்.

அதனால் எங்கள் வீட்டில் யாராவது சாப்பிடவில்லை என்றால் என் வயிற்றில் ஏதோ இறங்கும். அது சிலந்தியாக இருந்தாலும் சரி என்று எனக்கு ட்ரெஸ்டனில்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு மெசேஜ் போட்டேன். ஒரு டிக். மலையில் சிக்னல் இல்லை. புதன்கிழமை லேபிலிருந்து வந்ததும் இன்னொரு சுவர்க்கோழியை இடுக்கியில் பிடித்து, அவள் முகத்துக்கு நேராகவே கொண்டுபோனேன். ஒரே ஒரு வாய், எனக்காக. ஓமா பின்னங்காலைத் தூக்கி வயிற்றைப் பரபரவென்று தேய்த்தாள். அவ்வளவுதான் செய்தாள். ஆனால் அந்தத் தேய்ப்பில் வயிற்று மேலிருக்கும் நுண்ணிய முள்மயிர்கள் காற்றில் பறந்து வரும். அமெரிக்கக் கண்டங்களின் டராண்டுலாக்கள் பலவற்றுக்கும் இதுதான் ஆயுதம், கடிப்பது கடைசியில்தான். என் மணிக்கட்டு ராத்திரி முழுக்க அரித்தது. கண்ணில் பட்டிருந்தால் ஆஸ்பத்திரிதான். முகத்தைத் திருப்பிக்கொள்வதைவிடத் தெளிவாக வேண்டாம் என்று ஒரு உயிர் எப்படித்தான் சொல்லும்? அப்போதும் எனக்குப் புரியவில்லை. அந்த இரண்டாவது சுவர்க்கோழியும் இடுக்கியிலிருந்து நழுவி, மரப்பட்டைக்கு அடியில் ஓடிப்போய்விட்டது.

இப்போது யோசித்தால் எல்லா அடையாளமும் கண்ணெதிரே இருந்தது. மே மாதம் முழுக்க நன்றாகச் சாப்பிட்டு வயிறு உருண்டையாக இருந்தது. முள்மயிர் உதிர்ந்து வழுக்கையாகியிருந்த இடம் கறுத்துப் பளபளவென்று ஆகியிருந்தது. முட்டி ஆரஞ்சு நிறம் மங்கிப்போய் இருந்தது. நாள் முழுக்க ஒரே இடம். சனிக்கிழமை ராத்திரி தரையில் பட்டுநூல் இழுத்து இழுத்து ஒரு பாய் மாதிரி பின்னிக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ அது நல்ல அறிகுறி மாதிரி தோன்றியது, ஆக்டிவ்வாக இருக்கிறாளே என்று.

ஞாயிறு காலை ஆறரைக்கு எழுந்து வந்தேன். ஓமா அந்தப் பாயில் மல்லாந்து கிடந்தாள். கால் எட்டும் மேலே.

செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பதினாலு வருஷம் அவன் வைத்திருந்தான், நான் ஏழு நாளில் கொன்றுவிட்டேன். மூடியைத் திறந்து கையை நீட்டிவிட்டேன், திருப்பிப் போடலாம் என்று. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த நாலாவது வரிதான் என் கையைப் பிடித்தது. எது நடந்தாலும் தொடாதே. சரி, சாவு என்றால் எப்படி இருக்கும் என்றாவது பார்ப்போம் என்று உட்கார்ந்து படித்தேன்.

படித்ததில் என்னை உலுக்கியது மெக்கானிக்கல் சமாச்சாரம். சிலந்தியின் காலை மடக்கத் தசை இருக்கிறது. ஆனால் காலின் ரெண்டு முக்கிய மூட்டுகளை நீட்டுவதற்குத் தசையே கிடையாது. ரத்தத்தின் அழுத்தத்தைக் கூட்டித்தான் காலை நீட்டுகிறது. சுத்தமான ஹைட்ராலிக்ஸ். நம் ஜேசிபி கை நீட்டுகிற அதே தத்துவம். சிலந்தி சாகும்போது அழுத்தம் போய்விடுகிறது, மடக்கும் தசை மட்டும் மிச்சம். அதனால் செத்த டராண்டுலா பெரும்பாலும் நிமிர்ந்தே இருக்கும், கால்கள் அடியில் மூடிய கைவிரல் மாதிரி சுருண்டிருக்கும். 2022இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் செத்த சிலந்திக்குள் ஊசி வழியாகக் காற்றைச் செலுத்தி, கால் விரிந்து மூடுகிற கிரிப்பராகவே பயன்படுத்திக் காட்டினார்கள். மல்லாந்து, கால் அரைகுறையாக விரிந்து கிடக்கும் டராண்டுலா பெரும்பாலும் சாகவில்லை. தோலுரிக்கிறது.

பக்கத்தின் மேலேயே ஜெர்மன் சொல் இருந்தது. ஹொய்டுங். பாம்பு சட்டை உரிப்பது போல. அவன் வாசலில் நின்று சொன்னது இதைத்தான்.

அடுத்த பத்தி படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. தோலுரிக்கும் நேரத்தில் சிலந்திக்கு எதிர்க்கவே முடியாது. புதுத் தோல் வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும். அப்போது பெட்டிக்குள் சுவர்க்கோழி இருந்தால், பசித்த சுவர்க்கோழி சிலந்தியைக் கடித்துத் தின்ன ஆரம்பிக்கும். அதற்காகத்தான் மூன்றாவது வரி. சாப்பிடாவிட்டால் எடுத்துவிடு என்பது சுத்தத்துக்காக இல்லை. பசியோடு இருப்பாளே என்று நான் உள்ளே விட்டுவைத்த சாப்பாடு ரெண்டும், அவளைச் சாப்பிடத் தயாராக உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன.

ஒன்று ஓமாவின் கால் நுனியிலிருந்து ரெண்டு விரல்கடை தூரத்தில் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. ஒரு பிளாஸ்டிக் கப்பும் நீளமான ஸ்பூனும் எடுத்தேன். அதிர்வே கூடாது என்பதால் மூச்சைக்கூட வேறு பக்கம் விட்டேன். முதலாவது மூன்றாவது முயற்சியில் கப்புக்குள் வந்துவிட்டது. இரண்டாவது மரப்பட்டைக்கு அடியில். பட்டையைத் தூக்கினால் மண் நகரும், மண் நகர்ந்தால் பாய் நகரும். ஒரு கேரட் துண்டைப் பட்டைக்கு வெளியே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நாற்பது நிமிஷம். மீசை வெளியே வந்தது, பின்னால் சுவர்க்கோழியும் வந்தது. பிடிக்கும்போது ஸ்பூன் ஒரு தடவை கண்ணாடியில் டங் என்று இடித்துவிட்டது. ஓமாவின் கால்கள் ஒருமுறை துடித்து நின்றன.

அதற்கப்புறம் நாலு மணி நேரம் நான் ஒன்றுமே செய்யவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் எந்த வேலையும் செய்ததில்லை.

ஒன்றுமே நடக்காத மாதிரிதான் ரொம்ப நேரம் தெரியும். உள்ளே வேலை நடக்கிறது. வயிற்றிலிருந்து ரத்தத்தை முன்பக்கம் தள்ளித் தள்ளி அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஒரு கட்டத்தில் தலைமேல் இருக்கும் கடினமான ஓடு, ஓரத்தில் விரிசல் விட்டு, டிபன் பாக்ஸ் மூடி மாதிரி கழன்றது. அப்புறம் கால்கள். எட்டுக் காலையும் வாய்ப்பக்கத்து ரெண்டு உணர்கைகளையும் ஒரே சமயத்தில், துளித்துளியாக, பழைய உறைக்குள்ளிருந்து இழுக்கவேண்டும். நனைந்த ஜீன்ஸைக் கழற்றுவது போல என்றால் நமக்குப் புரியும். ஆனால் நாம் ஜீன்ஸோடு பல்லையும் கழற்றுவதில்லை. இது கழற்றுகிறது. விஷப்பல்லின் உறை, உறிஞ்சும் வயிற்றின் உள்பூச்சு, மூச்சுவிடும் ஏட்டு நுரையீரலின் உள்பூச்சு, எல்லாமே பழைய சட்டையோடு வெளியே வந்துவிடும். வயிற்றுக்குள் பூச்சு மாறும்போது எப்படிச் சாப்பிடுவாள்? சாப்பிட முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

மத்தியானம் அம்மாவின் வீடியோ கால். கட் பண்ணினால் பத்து தடவை வரும், அதனால் எடுத்து ரகசியக் குரலில் பேசினேன்.

"ஏன் கண்ணு இப்படி பேசற? ஒடம்பு சரியில்லையா?"

கேமராவைத் திருப்பிக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"செத்துருச்சா?"

"இல்லம்மா. சட்டை கழட்டுது. ஒரு வாரமா இதனாலதான் சாப்பிடல. நான் தெரியாம ஊட்டி ஊட்டிப் பாத்திருக்கேன்."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ கிட்டப் போவாத." மறுபடி கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நாம அம்மாயியவும் கடைசில ரொம்பப் படுத்திட்டமில்ல கண்ணு?"

ஏழு மாதமாக நான் யாரிடமும் கேட்காத கேள்வி அது. எனக்குப் பதில் வரவில்லை. திரையில் ஓமா ஒரு காலை அரை சென்டிமீட்டர் இழுத்தாள்.

"நாந்தாம்மா படுத்துனேன்" என்றேன்.

"நீயா பண்ணுன? நாந்தான் தெனமும் போன் பண்ணி எத்தன ஸ்பூன், எத்தன ஸ்பூன்னு கேட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "சரி வுடு. நீ சாப்புட்டியா?"

நான் அன்று சாப்பிட்டது சாயந்திரம் நாலு மணிக்கு.

ரெண்டு மணி வாக்கில் ஓமா முழுசாக வெளியே வந்து, பழைய சட்டைக்குப் பக்கத்தில் களைத்துப்போய்க் கிடந்தாள். முட்டியில் ஆரஞ்சு நிறம், அப்போதுதான் பெயின்ட் அடித்த மாதிரி. விஷப்பல் வெள்ளையாக இருந்தது. அது சிவந்து, பிறகு கறுத்தால்தான் இறுகியது என்று அர்த்தம். பழைய சட்டை, கால், மயிர், நகம் என்று அச்சு அசலாக இன்னொரு ஓமா. தெரியாமல் பார்த்தால் பெட்டிக்குள் ரெண்டு சிலந்தி என்றுதான் சொல்வார்கள்.

ஒன்று மட்டும் சரியில்லை. இடது பக்கம் மூன்றாவது கால், நுனியில் லேசாக வளைந்து வெளியே வந்திருந்தது. வெளியே வந்து இறுகுவதற்குள் நேராகாவிட்டால் அப்படியே நின்றுவிடும். ராத்திரி சுவர்க்கோழி கடித்ததா, என் ஸ்பூன் இடித்தபோது நடந்ததா, யாருடைய தப்பும் இல்லாமல் தானாக ஆனதா, தெரியாது. என்னால்தான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

அதற்கப்புறம் ரெண்டு வாரம் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் நிரப்பினேன். பல் இறுகாமல் இரை கொடுத்தால் பல்லே உடைந்துபோகலாம். சுவர்க்கோழி டப்பாவைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே திரும்பி வைத்த ராத்திரிகள் உண்டு. கொடுக்காமல் இருப்பதும் பார்த்துக்கொள்வதில் சேரும் என்று புத்திக்குத் தெரிந்தது, கைக்குத் தெரிய நாளானது. நன்றாக இருக்கும் பெரிய டராண்டுலா மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். அதிகம் கொடுப்பதுதான் ஆபத்து. வயிறு பெருத்து, கண்ணாடியில் ஏறி கீழே விழுந்தால் வயிறு கிழிந்தே சாகலாம்.

அவன் திரும்பி வந்த அன்று வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரெண்டு சுவர்க்கோழி, இடுக்கி, ஸ்பூன், கால். பேசாமல் போய் ஓமாவை ரொம்ப நேரம் பார்த்தான். "அடுத்த ஹொய்டுங்கில் கால் சரியாகிவிடும்" என்றான். நிஜம்தான். முழுக் காலே போயிருந்தாலும் அடுத்தடுத்த தோலுரிப்பில் புதிதாக முளைத்து வரும். பிறகு, "நான் சொன்னது உனக்குப் புரியவில்லை, இல்லையா?" என்று கேட்டான். இந்த முறை தலையாட்டவில்லை. "புரியவில்லை" என்றேன். அன்று மாலை அவனே சுவர்க்கோழி விட்டான். ஓமா ஒரே பாய்ச்சல்.

கல்லூரிக்குத் திரும்பி போட்டோவைக் காட்டியதும் ஹாஸ்டலில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. "மச்சி, இங்க எங்கடா கிடைக்கும்?" வாங்குகிற வேலையே வேண்டாம். நம் ஊர் மரங்களிலேயே டராண்டுலா இருக்கிறது. பொய்சிலோதீரியா என்ற மரவாழ் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. அதில் ஒன்று ராமேஸ்வரத்தின் புளியமரங்களில் கண்டுபிடிக்கப்பட்டு 2004இல்தான் பெயர் பெற்றது. இன்னொன்று நீல நிறத்தில், ஆந்திராவில் குத்தி என்ற ஊரின் ரயில்வே மரக் கிடங்கில் கிடைத்து 1899இல் பெயர் பெற்றது. ரெண்டுமே அழியும் விளிம்பில். 2019இல் அந்தப் பேரினம் முழுவதும் சைட்டீஸ் பட்டியலில் சேர்ந்தது. மரப்பொந்தில் ஒன்றைப் பார்த்தால் போட்டோ எடுங்கள். டப்பா எடுக்காதீர்கள். மல்லாந்து கிடந்தால் குச்சியால் திருப்பாதீர்கள்.

சாப்பிடாத எல்லாரும் தோலுரிக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அம்மாயிக்கு அடியில் புதுத் தோல் எதுவும் இல்லை. அது முடிவு. ஆனால் வெளியிலிருந்து பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது. முகம் திரும்பியது, வாய் திறக்கவில்லை. எது எது என்று பார்க்கத் தெரியாத என் கையில் ரெண்டு இடத்திலும் ஒரு ஸ்பூன் இருந்தது. பசி அவர்களுக்கு இல்லை. பயம் எனக்கு இருந்தது. அதைத்தான் நான் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

ஓமா வயதுச் சிலந்திகள் வருஷத்துக்கோ ரெண்டு வருஷத்துக்கோ ஒரு தடவைதான் சட்டை மாற்றும். அந்தக் கால் நேராவதற்குள் நான் எங்கேயாவது வேலையில் இருப்பேன். அவன் போட்டோ அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறான். போன மாதம்கூடக் கேட்டேன், எப்படி இருக்கிறாள் என்று. "நன்றாக இருக்கிறாள்" என்று பதில் வந்தது. சாப்பிட்டாளா என்று டைப் பண்ணிவிட்டு, அழித்துவிட்டேன்.